நீண்ட போர்ல மாட்டுன சர்வாதிகார நாட்டை எப்படி படிக்கறது: சதாம் காலத்து ஈராக்கை வச்சு ஒரு வழிகாட்டி

ஒரு சர்வாதிகாரி ஆரம்பிச்ச போர் ரெண்டு வருஷம் மூணு வருஷம் ஆகியும் முடியலைன்னா டிவி விவாதத்துலயும் வாட்ஸ்அப் குரூப்லயும் ரெண்டே பேச்சுதான் ஓடும். ஒருத்தர் "அவ்ளோதான், பொருளாதாரம் படுத்துருச்சு, இன்னும் ஆறு மாசம் தாங்காது"ம்பார், இன்னொருத்தர் "எங்க படுத்துச்சு, கடையில எல்லாம் கிடைக்குது, ரோட்டுல புதுக் கார் ஓடுது"ம்பார், ரெண்டு பேரும் வீடியோ வேற காட்டுவாங்க, ரெண்டுமே உண்மையான வீடியோவா கூட இருக்கும். அதை வச்சு ஒண்ணும் புரிஞ்சுக்க முடியாது. எப்ப விழும்னு கேக்கறதை விட்டுட்டு, போர்ச் செலவை இப்ப யார் தலையில கட்டியிருக்காங்க, அடுத்து யார் தலையில கட்டப் போறாங்கன்னு கேட்டுப் பாருங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

இதை எப்படி பாக்கறதுன்னு சொல்ல சதாம் உசேன் காலத்து ஈராக்கை எடுத்துக்கறேன். ஏன்னா அது ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் முழுசா பாக்க முடிஞ்ச கேஸ். 1979 ஜூலைல சதாம் அதிபர் ஆனார், 1980 செப்டம்பர் 22 அன்னிக்கு ஈரான் மேல படையெடுத்தார், சில வாரத்துல முடியும்னு நினைச்ச போர் 1988 ஆகஸ்ட் 20 வரைக்கும் எட்டு வருஷம் இழுத்துச்சு. அதுக்குள்ள என்னென்ன மாறுச்சுன்னு பாத்து வச்சுக்கிட்டா இன்னிக்கு ரஷ்யாவைப் பத்தி படிக்கும்போதும் நாளைக்கு வேற எந்த நாட்டைப் பத்தி படிக்கும்போதும் எங்க பாக்கணும்னு கண்ணு தானா போகும்.

முதல்ல கல்லாவுல எவ்ளோ இருந்துச்சுன்னு பாருங்க

போர் தொடங்கறப்போ அந்த ஆட்சி கையில எவ்ளோ காசு வச்சிருந்துச்சு, அந்தக் காசு எந்த வழியா வருது, அந்த வழியை யாரால அடைக்க முடியும். இந்த மூணும் தெரியாம எந்தச் செய்தியைப் படிச்சும் பிரயோஜனம் இல்ல.

ஈராக் 1972ல எண்ணெயை தேசியமயமாக்குச்சு, 73க்கு அப்புறம் விலை ஏறுச்சு, 1980ல எண்ணெய் வருமானம் மட்டும் சுமார் 2,600 கோடி டாலர். வெளிநாட்டு கையிருப்பு சுமார் 3,500 கோடி டாலர்னு பொதுவா சொல்வாங்க. ஜனத்தொகை அப்ப ஒன்றேகால் கோடி ஒன்றரைக் கோடிக்குள்ளதான். எவ்ளோ பணக்கார நாடுன்னு நினைச்சுப் பாருங்க. படிப்பு இலவசம், ஆஸ்பத்திரி இலவசம், எழுத்தறிவு இயக்கம் நடத்தி யுனெஸ்கோ பரிசு வாங்குன நாடு. அந்த உயரத்துல இருந்து விழுந்தாங்கங்கறதை மறந்துட்டா பின்னாடி வர்ற எந்தக் கணக்கோட வலியும் நமக்கு உறைக்காது.

இப்ப வழியைப் பாருங்க. ஈராக்குக்கு கடற்கரைன்னு இருக்கறது ரொம்பக் கொஞ்சம், தெற்குல ஃபாவ் பக்கத்துல கடல்ல இருந்த ரெண்டு எண்ணெய் ஏத்தற முனையமும் போர் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடிபட்டு நின்னுடுச்சு. பாஸ்ரா துறைமுகத்துக்கு போற ஷத் அல் அரப் ஆறே போர்க்களம் ஆயிடுச்சு, உள்ள மாட்டுன வெளிநாட்டு கப்பல்கள் அங்கயே துருப்பிடிச்சு நின்னுச்சு. சரி குழாய் இருக்கேன்னு பாத்தா சிரியா வழியா மத்தியதரைக் கடலுக்கு போற குழாயை 1982 ஏப்ரல்ல சிரியா மூடிடுச்சு, சிரியா ஈரான் பக்கம். மிச்சம் இருந்தது கிர்குக்ல இருந்து துருக்கி வழியா போற ஒரே குழாய். போருக்கு முன்னாடி தினம் 30 லட்சம் பேரலுக்கு மேல ஏத்துமதி பண்ண நாடு 10 லட்சத்துக்கும் கீழ வந்துடுச்சு.

முதல் ரெண்டு வருஷத்து செழிப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. போர் ஆரம்பிச்ச உடனே ஈராக்ல தட்டுப்பாடு வரல. தலைகீழா, 1981லயும் 82லயும் இறக்குமதி ஏறுச்சு, பாக்தாத்ல ரோடு, பாலம், ஹோட்டல்னு வேலை ஜரூரா நடந்துச்சு. ஏன்னா சதாம் வேணும்னேதான் செஞ்சார், போர் எல்லைல நடக்கட்டும், பாக்தாத் ஆளுக்கு போர் நடக்கறதே தெரியக்கூடாதுன்னு கையிருப்பை எடுத்து கொட்டினார். 1982 செப்டம்பர்ல அணிசேரா நாடுகள் மாநாடு பாக்தாத்ல நடக்க வேண்டியது, அதுக்காகவே அல் ரஷீத் ஹோட்டல் மாதிரி கட்டடமெல்லாம் எழும்புச்சு. ஜூலைல ஈரான் விமானங்கள் பாக்தாத் மேல குண்டு போட்டுச்சு, பாதுகாப்பு இல்லைன்னு மாநாட்டை மாத்தி கடைசில 1983 மார்ச்ல டெல்லில இந்திரா காந்தி தலைமைல நடத்துனாங்க. நம்ம ஊர் பேப்பர்ல பெருசா வந்த அந்த டெல்லி மாநாடு உண்மையில பாக்தாத்ல இருந்து கை மாறி வந்தது.

அதனால கடை நிறைய சாமான் இருக்கற வீடியோவை பாத்தா உடனே "ஒண்ணும் ஆகல"ன்னு முடிவு கட்டாதீங்க, அந்தச் சாமான் வருமானத்துல வாங்குனதா சேமிப்பை கரைச்சு வாங்குனதான்னு கேளுங்க. ஈராக்ல ரெண்டே வருஷத்துல சேமிப்பு கரைஞ்சுச்சு. 1982 மே மாசம், ஈராக் பிடிச்சு வச்சிருந்த கொர்ரம்ஷாஹர் நகரத்தை ஈரான் திரும்பப் பிடிச்சுடுச்சு, சிரியா குழாயும் போச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல விழுந்த அடி. 83ல இருந்து சிக்கனம்னு அறிவிச்சாங்க, வளர்ச்சித் திட்டம் ஒவ்வொண்ணா நின்னுச்சு, வெளிநாட்டு கம்பெனிகளுக்கு காசுக்கு பதிலா "அப்புறம் தர்றோம்"ங்கற பேப்பர்தான் கிடைச்சுச்சு. அங்க ரோடும் ரயில் பாதையும் போட்ட இந்திய கம்பெனிகளும் அதுல மாட்டுச்சு.

அந்த வருஷம்தான் பெண்கள் நகையைக் குடுங்கன்னு பிரச்சாரம் நடந்துச்சு. 1962 சீனப் போரப்போ நம்ம ஊர்ல பொண்ணுங்க வளையலைக் கழட்டி பாதுகாப்பு நிதிக்கு குடுத்த கதை பாட்டிமார் சொல்ல நிறைய பேர் கேட்டிருப்பீங்க, ஆனா இங்க குடுக்காதவங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. சதாமோட பாத் கட்சிக்காரர் தெருவுக்கு தெரு உக்காந்து யார் என்ன பேசறாங்கன்னு மேல சொல்ற ஊர்ல நகை கேட்டா, குடுக்க மாட்டேன்னு எந்த அம்மா சொல்லுவா. ஒரு ஆட்சி ஜனங்க கழுத்துக்கும் காதுக்கும் வந்துட்டாலே கஜானா தரை தட்டிடுச்சுன்னு எடுத்துக்கலாம்.

கணக்கு குடுக்கலைன்னா எதிர்ப்பக்கத்து கணக்கை எடுங்க

போர்ல இருக்கற சர்வாதிகார நாடு முதல்ல மறைக்கறது புள்ளிவிவரத்தைத்தான். ஈராக் பொருளாதாரக் கணக்கை கிட்டத்தட்ட ராணுவ ரகசியம் மாதிரி பூட்டி வச்சுது. ரஷ்யாவும் 2022ல விரிவான ஏத்துமதி இறக்குமதி விவரத்தை வெளியிடறதை நிறுத்துச்சு. அப்ப என்ன பண்றது? வியாபாரம்னா ரெண்டு பக்கம் இருக்குல்ல, வித்தவன் புத்தகத்தை அவன் மறைச்சா வாங்கினவன் புத்தகத்தை பாருங்க.

எண்ணெய்ல இது ரொம்ப சுலபம். குழாயோட கொள்ளளவு எல்லாருக்கும் தெரியும், அதை யாராலயும் மறைக்க முடியாது. துருக்கி குழாய்ல அப்ப தினம் சுமார் 7 லட்சம் பேரல்தான் போகும். 1983 மார்ச்ல எண்ணெய் ஏத்துமதி நாடுகளோட கூட்டமைப்பான ஓபெக் விலையை 34 டாலர்ல இருந்து 29க்கு இறக்குச்சு. 7 லட்சத்தை 29ஆல பெருக்கி 365ஆல பெருக்குங்க, வருஷத்துக்கு ஏறத்தாழ 740 கோடி டாலர் வரும். சவூதியும் குவைத்தும் தங்களுக்கு பொதுவான வயல்ல இருந்து எண்ணெய் எடுத்து ஈராக் பேர்ல வித்து குடுத்தாங்க, அதையும் கொஞ்சம் சேத்துக்கங்க. என்ன சேத்தாலும் 1980ல வந்த 2,600 கோடி எங்க, இது எங்க. பாக்தாத் ரேடியோ என்ன வேணா சொல்லட்டும், இந்தக் கணக்கை நீங்க வீட்டுல உக்காந்து போட்டுடலாம். பின்னாடி துருக்கி குழாயை பெருசாக்குனதும் 1985ல சவூதி பக்கம் புதுக் குழாய் வந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டாங்க, அதுக்குள்ள 1986ல உலக விலை பாதிக்கும் கீழ விழுந்து மறுபடி கழுத்தைப் பிடிச்சுது.

இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கார். எண்பதுகள்ல ஈராக் தெருவுல எங்க பாத்தாலும் ஃபோக்ஸ்வேகன் பஸாட் ஓடும், ஆனா அது ஜெர்மனில செஞ்சது கிடையாது, பிரேசில்ல செஞ்சது, ஈராக்காரங்க அந்தக் காரை "பிரேசிலி"ன்னே கூப்பிடுவாங்க. பிரேசிலுக்கு எண்ணெய் வேணும், ஈராக் கையில டாலர் இல்ல, அதனால எண்ணெய்க்கு கார்னு பண்டமாற்று. 1983ல இருந்து 88 வரைக்கும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் கார் அளவுக்கு கப்பல் ஏறுச்சு. ரோட்டுல புதுக் கார் ஓடறதை பாத்து நாடு செழிப்பா இருக்குன்னு நினைக்கறவருக்கு அந்தக் கார் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா கதையே மாறுது. ரொக்கம் குடுத்து வாங்க முடியாத நாடு பண்டமாற்றுக்கு போகும், அந்த ஒப்பந்தங்களை பாத்தாலே கையிருப்பு நிலவரம் தெரிஞ்சுடும்.

கடன் கணக்கும் இப்படித்தான். ஈராக் சொல்லாது, கடன் குடுத்தவங்க சொல்லுவாங்க. போர் முடியறப்போ மொத்தக் கடன் சுமார் 8,000 கோடி டாலர்னு மதிப்பிட்டாங்க, அதுல கிட்டத்தட்ட பாதி சவூதி, குவைத் மாதிரி வளைகுடா நாடுகளுக்கு, மிச்சம் மேற்கு நாடுகளுக்கும் சோவியத்துக்கும். இந்தக் கடனை மனசுல வச்சுக்கங்க, கடைசில இதுதான் வெடிக்குது.

உயிருக்கு என்ன ஈடு குடுக்கறாங்கன்னு வருஷா வருஷம் ஒப்பிடுங்க

கல்நெஞ்சத்தனமா கேக்கற மாதிரி இருக்கும், ஆனா நான் முதல்ல தேடற கணக்கு இதுதான். ஆரம்ப வருஷங்கள்ல ஈராக்ல ஒரு சிப்பாய் செத்தா குடும்பத்துக்கு ரொக்கம், மனை, ஒரு கார்னு குடுத்தாங்க. தெருவுல எல்லாருக்கும் தெரியும் இந்த வீட்டுக்கு கார் எப்படி வந்துச்சுன்னு. கஜானா வத்த வத்த அந்த தாராளமும் சுருங்கிப் போச்சு. இதுக்கு நேர்மாறா ரஷ்யால பாருங்க, 2024 ஜூலைல மாஸ்கோ நகரம் ராணுவத்துல சேர்றவங்களுக்கு 19 லட்சம் ரூபிள் முன்பணம்னு அறிவிச்சுது, அதே மாசக் கடைசில மத்திய அரசு குடுக்கற போனஸ் 1.95 லட்சத்துல இருந்து 4 லட்சம் ஆச்சு. தொகை ஏறுதுன்னா சும்மா கூப்பிட்டா ஆள் வரலைன்னு அர்த்தம், தொகை குறையுதுன்னா ஒண்ணு காசு தீந்துருச்சு இல்ல கட்டாயப்படுத்திக்கலாம்னு ஆட்சிக்கு தைரியம் வந்துருச்சு. ரெண்டுல எதுங்கறதை மத்த அறிகுறிகளோட சேத்துதான் பாக்கணும்.

எத்தனை பேர் செத்தாங்கன்னு ஆட்சி சொல்லாது. ஈராக் பக்கம் செத்தவங்க எண்ணிக்கை இன்னிக்கு வரைக்கும் மதிப்பீடுதான், லட்சக்கணக்குல. ஆனா ஊருக்கு தெரியாம போகல. பாஸ்ரால இருந்து பாக்தாத் வர்ற ரோட்டுல வெள்ளையும் ஆரஞ்சும் அடிச்ச டாக்சி வரும், மேல கேரியர்ல கொடி சுத்துன சவப்பெட்டி கயிறு போட்டு கட்டியிருக்கும், உள்ள வீட்டு ஆள் யாராவது உக்காந்திருப்பாங்க. வீட்டு சுவத்துல கறுப்புத் துணி கட்டி வெள்ளையிலயோ மஞ்சள்லயோ செத்த பையன் பேரும் செத்த இடமும் எழுதி வைப்பாங்க. பெரிய சண்டை நடந்த மாசங்கள்ல ஒரு தெருவுல எத்தனை கறுப்புத் துணின்னு எண்ணினாலே அரசாங்கம் மறைச்ச கணக்கு தெரியும். இன்னிக்கு அந்த இடத்துல கல்லறைப் படமும் உள்ளூர் பேப்பர் இரங்கல் செய்தியும் இருக்கு, அதைத்தான் தன்னார்வக் குழுக்கள் ஒவ்வொண்ணா சேத்து எண்ணிட்டு இருக்காங்க. அதிகாரபூர்வ எண்ணிக்கையை நம்பறதை விட இந்த மாதிரி ஒவ்வொரு பேரா சேத்த கணக்கை நம்புங்க, அது எப்பவும் குறைஞ்சபட்சம்தான்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

யார் வேலை பாக்கறாங்க, யாருக்கு வேலை போகுது

ரெண்டு லட்சத்துக்கு மேல இருந்த ஈராக் ராணுவம் போர் முடியறப்போ 10 லட்சத்தை தொட்டுச்சு, ஜனத்தொகை அப்ப சுமார் 1.7 கோடி. இதுல கிழவர், குழந்தை, பெண்களை கழிச்சுட்டு பாருங்க, உழைக்கற வயசு ஆம்பளைல எத்தனை பேர் பதுங்குகுழில இருந்திருக்கணும். இது பத்தாதுன்னு கட்சியோட மக்கள் படைன்னு ஒண்ணு, ஆள் குறைஞ்சா தெருவுலயும் ஆபீஸ்லயும் ஆளை பிடிச்சு ஏத்திட்டு போயிடுவாங்க.

அப்ப வயல்ல யாரு, ஃபேக்டரில யாரு? பத்து லட்சத்துக்கு மேல எகிப்துக்காரங்க வந்து விவசாயமும் கடையும் கட்டட வேலையும் பாத்தாங்க. இந்தியாவுல இருந்தும் ஆள் போச்சு. பெண்கள் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொழிற்சாலைன்னு நிறைய இடத்துல வேலைக்கு வந்தாங்க, ஆட்சியும் அதை பெருமையா சொல்லிக்கிச்சு. அப்புறம் போர் நடுவுலயே அதே ஆட்சி பொண்ணுங்க நாலஞ்சு புள்ளை பெத்துக்கணும், அதுவும் தேசக் கடமைன்னு பிரச்சாரம் பண்ணுச்சு. வேலைக்கும் வா, வருங்கால சிப்பாயையும் பெத்துக்குடு. எந்த நாட்டுல புள்ளை பெத்துக்கறதைப் பத்தி ஆட்சி திடீர்னு அதிகமா பேசுதோ அங்க ஆள் பத்தாக்குறை ஆழமா போயிடுச்சுன்னு குறிச்சு வச்சுக்கங்க.

1987ல வந்த மாத்தம் முக்கியம், ஆனா செய்தில பெருசா வராது. அரசுத் துறை தொழிலாளிங்க எல்லாரும் இனிமே அரசு ஊழியர்னு 150ஆம் எண் ஆணை போட்டாங்க. கேக்க பதவி உயர்வு மாதிரி இருக்கும். நடந்தது என்னன்னா தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு போச்சு, சங்கம் வச்சுக்கற உரிமை போச்சு. அதே நேரத்துல அரசுப் பண்ணையும் ஃபேக்டரியும் தனியாருக்கு வித்தாங்க, வாங்கினது ஆட்சிக்கு வேண்டப்பட்டவங்க, விலைக் கட்டுப்பாட்டை தளர்த்துனதும் விலைவாசி எகிறுச்சு. போர் காலத்துல சொத்து கை மாறறதை எப்பவும் கவனிங்க. போர் முடிஞ்சாலும் அந்தக் கை மாத்தம் திரும்பாது.

சாமானைப் பொறுத்தவரைக்கும், எண்பதுகள்ல ஈராக்ல பட்டினி இல்ல, அரசு மானியம் குடுத்து அரிசி மாவை ஓட்டுச்சு. வேற மாதிரி பிரச்சனை. முட்டை, பால் பவுடர், பழம் எல்லாம் திடீர்னு வரும் திடீர்னு காணாம போகும். பாக்தாத்ல ஒரோஸ்தி பாக்னு அரசு நடத்துன பெரிய கடை, சரக்கு வந்திருக்குன்னு காதுல விழுந்தா போதும், என்ன சரக்குன்னு கேக்காமலே ஆள் வரிசைல நிப்பாங்க, ஃபேனோ டீ கப்போ எது கிடைச்சாலும் வாங்கி வச்சுக்குவாங்க, வேணாம்னா மாத்திக்கலாம். ரஷ்யால 2023 டிசம்பர்ல முட்டை விலை ஏறுனதுக்கு புடினே டிவில மன்னிப்பு கேட்டது ஞாபகம் இருக்கலாம். இந்த மாதிரி ஒரு பொருள் விலையை பெரிய வீழ்ச்சியா படிக்காதீங்க, ஆனா எந்தப் பொருளுக்கு ஆட்சி பயப்படுதுங்கறதை அது காட்டிக் குடுக்கும்.

யாருக்கு குடுக்காம பிடுங்கறாங்க

மேல சொன்னது எல்லாம் ஆட்சி சமாதானப்படுத்த நினைச்ச ஜனங்களைப் பத்தி. ஒவ்வொரு சர்வாதிகாரத்துலயும் சமாதானப்படுத்தவே வேண்டாம்னு ஒதுக்குன ஒரு கூட்டம் இருக்கும், செலவோட கடைசிச் சுமை அவங்க மேல விழும். போருக்கு கொஞ்சம் முன்னாடி 1980 மே மாசம் 666ஆம் எண் ஆணைன்னு போட்டு ஃபைலி குர்துகள்ங்கற ஷியா குர்து மக்களோட குடியுரிமையை பறிச்சாங்க. இவங்க நிறைய பேர் பாக்தாத் சந்தைல பெரிய வியாபாரிங்க. ஈரான் வம்சாவளின்னு சொல்லி வீடு, கடை, பேங்க் பணம் எல்லாம் பிடுங்கிட்டு எல்லைல கொண்டு போய் விட்டாங்க, வாலிபப் பசங்களை மட்டும் பிடிச்சு வச்சாங்க, அவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்க திரும்பி வரவே இல்ல. போர் முடியற வருஷம் வடக்குல அன்ஃபால்னு பேர் வச்சு குர்துகள் மேல ராணுவத்தை ஏவினாங்க, ஆயிரக்கணக்கான குர்து கிராமங்கள் தரைமட்டம், குறைஞ்சது 50,000 பேர் கொலைன்னு மனித உரிமை அமைப்புகள் கணக்கு. 1988 மார்ச் 16 ஹலப்ஜால ரசாயன குண்டு, ஒரே நாள்ல சுமார் 5,000 பேர். இதை பொருளாதாரக் கட்டுரைல எதுக்கு சொல்றேன்னா, தலைநகர் கடைத்தெருவை மட்டும் பாத்து "ஜனங்க சகஜமா இருக்காங்க"ன்னு எழுதற செய்தில இந்த ஜனங்க இருக்கவே மாட்டாங்க. எல்லை மாகாணம், சிறுபான்மை ஊர், இவங்களைப் பத்தின செய்தியை தனியா தேடிப் போய் படிங்க.

போர் நின்னதும் கவனத்தை விட்டுடாதீங்க

எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ஆணித்தரமா சொல்லணும்னு தோணுற ஒண்ணு இதுதான். போர் நடக்கற வரைக்கும் கடன்காரன் காத்திருப்பான், ஜனங்க பொறுத்துக்குவாங்க, வேலை இல்லாதவன் கையில துப்பாக்கி இருக்கும். போர் நின்ன அன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல வாசல்ல வந்து நிப்பாங்க.

1988ல சண்டை நின்னுச்சு. லட்சக்கணக்குல சிப்பாய்ங்க ஊர் திரும்பினா வேலை இல்ல, அவங்க இடத்துல எகிப்துக்காரங்க இருந்தாங்க, 1989ல அடிதடியாகி எகிப்துக்கு சவப்பெட்டிங்க போச்சு. வெளிநாட்டுத் தொழிலாளிங்க ஊருக்கு அனுப்பற பணத்துக்கு வரம்பு மேல வரம்பு போட்டாங்க. காசு இல்லாத நேரத்துலயும் 1989 ஆகஸ்ட்ல பாக்தாத்ல ரெண்டு கை வாள் பிடிச்ச மாதிரி வெற்றி வளைவு திறந்தாங்க, ஆயுதத் தொழிற்சாலைக்கு செலவு குறையல. வளைகுடா நாடுகள் குடுத்த காசை கடனா பாக்கக்கூடாது, உங்களுக்காகத்தான் ரத்தம் சிந்தினோம்னு சதாம் வாதம். குவைத் தள்ளுபடி பண்ண மாட்டேன்னுச்சு, கூடவே ஓபெக் அளவுக்கு மேல எண்ணெய் எடுத்து விலையை இறக்குது. ஒரு பேரலுக்கு ஒரு டாலர் இறங்கினா எங்களுக்கு வருஷம் 100 கோடி டாலர் நஷ்டம்னு 1990 மே மாசம் பாக்தாத் அரபு உச்சி மாநாட்டுல சதாம் சொன்னார். 1990 ஆகஸ்ட் 2 குவைத்துக்குள்ள படை போச்சு. எட்டு வருஷப் போரோட பில்லை கட்ட முடியாம பக்கத்து வீட்டுக் கஜானாவை உடைக்கப் போனதுதான் ரெண்டாவது போர்.

நாலே நாள்ல, ஆகஸ்ட் 6, ஐநா 661ஆம் தீர்மானம், வியாபாரத் தடை. சாப்பாட்டுல பெரும்பங்கு இறக்குமதிதான், அதனால செப்டம்பர்லயே ரேஷன். மாவு, அரிசி, சர்க்கரை, டீ, எண்ணெய், தெருக்கடைக்காரர்தான் ஏஜென்ட். உயிரைக் காப்பாத்துனதும் அந்த ரேஷன்தான், குடும்பம் குடும்பமா எல்லார் விவரமும் ஆட்சி கையில போனதும் அதுலதான். அந்தப் பட்டியல் எவ்ளோ முழுசா இருந்துச்சுன்னா சதாம் போனப்புறம் 2005 ஜனவரி தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலையே அதை வச்சுதான் தயாரிச்சாங்க.

காசு விஷயத்துல, நோட்டைப் பாருங்க. போருக்கு முன்னாடி ஒரு தினாருக்கு மூணு டாலருக்கு மேல. போர் காலம் முழுக்க அதிகாரபூர்வ ரேட்டை அப்படியே வச்சுக்கிட்டு கறுப்பு சந்தைல மதிப்பு சரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. தடைக்கு அப்புறம் நல்ல அச்சு நோட்டு வெளிநாட்டுல இருந்து வரல, உள்ளூர்லயே மட்டமான காகிதத்துல சதாம் படம் போட்டு அடிச்சுத் தள்ளுனாங்க, 1995 கடைசில ஒரு டாலருக்கு 3,000 தினார் வரைக்கும் போச்சு. வடக்கு குர்து பகுதில மட்டும் பழைய நோட்டையே வச்சுக்கிட்டாங்க, "சுவிஸ் தினார்"னு பேரு, புதுசா அடிக்க முடியாததாலயே அதோட மதிப்பு நின்னுச்சு. வாத்தியார் சம்பளம் மாசம் ரெண்டு மூணு டாலர். புரொஃபசர் டாக்சி ஓட்டினார், பாக்தாத் முத்தனபி தெருவுல வெள்ளிக்கிழமை சந்தைல படிச்ச ஜனங்க வீட்டு லைப்ரரியை தரைல பரப்பி வித்தாங்க. அதனால எந்த நாட்டைப் படிச்சாலும் அதிகாரபூர்வ ரேட்டுக்கும் தெரு ரேட்டுக்கும் நடுவுல இடைவெளி எவ்ளோன்னு மாசம் ஒரு தடவை குறிச்சு வைங்க, மத்த எல்லாப் பேச்சையும் விட அது நேர்மையானது.

உங்க வீட்டு ஆள் அங்க இருந்தா, இல்ல போகப் போறாங்கன்னா

இது தூரத்து கதை கிடையாது. 1990ல குவைத்லயும் ஈராக்லயும் மாட்டுன இந்தியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல பாலைவனம் தாண்டி ஜோர்டான் அம்மான் வந்து ஏர் இந்தியா விமானத்துல ஊர் வந்தாங்க, பல வருஷ சம்பாத்தியத்தை விட்டுட்டு ஒரு பையோட வந்தவங்கதான் நிறைய. எண்ணெய் விலை எகிறி நம்ம அந்நியச் செலாவணி காலியாகி 1991ல ரிசர்வ் பேங்க் 47 டன் தங்கத்தை அடகு வச்சது வரைக்கும் அதோட அலை வந்துச்சு.

இப்ப ஆள் பத்தாத போர் நாடு வெளியில ஆள் தேடுது. ரஷ்யால உதவியாளர் வேலை, செக்யூரிட்டி வேலை, படிப்புன்னு சொல்லி இந்தியப் பசங்களை கூட்டிட்டு போய் ராணுவத்துல சேத்து போர்முனைக்கு அனுப்பி, சிலர் செத்தும் போனாங்க. 2024 மார்ச்ல சிபிஐ சோதனை போட்ட ஊர்ப் பட்டியல்ல மதுரையும் சென்னையும் இருந்துச்சு. அதனால போர் நடக்கற நாட்டுல இருந்து வழக்கத்தை விட ரெண்டு மூணு மடங்கு சம்பளம்னு வேலை வந்தா ஏஜென்ட் பேர் வெளியுறவுத் துறையோட இ-மைகிரேட் தளத்துல பதிவாகியிருக்கான்னு முதல்ல பாருங்க. நமக்கு புரியாத மொழில ஒப்பந்தம் குடுத்தா வேற ஆளை வச்சு மொழிபெயர்த்து வாங்காம கையெழுத்து போட விடாதீங்க. பாஸ்போர்ட்டை கையை விட்டு குடுக்க வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க. ஏற்கனவே அங்க வேலை பாக்கறவங்களா இருந்தா, சம்பளம் தள்ளித் தள்ளி வர ஆரம்பிக்கறது, ஊருக்கு பணம் அனுப்ப புது வரம்பு போடறது, இந்த ரெண்டும் ஈராக்ல முன்னாடியே வந்த அறிகுறிங்க. அது தெரிஞ்ச உடனே சேமிப்பை அங்க வைக்காம மாசாமாசம் ஊருக்கு அனுப்பிடச் சொல்லுங்க, தூதரகத்துல பேரைப் பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க, திரும்பி வர்ற டிக்கெட் காசை தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க.